அப்பாவின் தலைக்குள் இருக்கும் ஸ்டாக் லிஸ்ட்

கேள்வி: புரசைவாக்கத்தில் 1988 முதல் அப்பா குக்கர், மிக்ஸி, கிரைண்டர், கேஸ் ஸ்டவ் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அவருக்கு 71 வயது. ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலையில் இருந்த நான் அதை விட்டுவிட்டு இரண்டு வருடமாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 32 லட்சம் ரூபாய் வியாபாரம். ஜி.எஸ்.டி.யில் காம்போசிஷன் டீலர், அதாவது விற்பனையில் 1 சதவீதம் மட்டும் வரியாகக் கட்டும் சிறு வியாபாரி. கவுன்டரில் கூட்டம் குறைந்துகொண்டே போகிறது. வருகிறவர்களும் மொபைலில் ஆன்லைன் விலையைக் காட்டிப் பேரம் பேசுகிறார்கள். ஒரு நிறுவனம் 1,80,000 ரூபாய்க்கு வெப்சைட்டும் ஆப்பும் செய்து தருவதாகச் சொல்கிறது. இந்தியா முழுக்க விற்கலாமாம். அப்பாவோ, “பார்ட்ஸைக் கையில வச்சுப் பாக்காம குடுக்க முடியாது” என்கிறார். ஒருவன் போலி ஸ்க்ரீன்ஷாட் காட்டி ஏமாற்றியதிலிருந்து யு.பி.ஐ. என்றாலே அவருக்கு எரிச்சல். போதாததற்கு வருமான வரி பயம் வேறு. வெப்சைட் செய்யலாமா, பெரிய ஆன்லைன் தளங்களில் சேரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில் அப்பா பக்கம் பேசிவிடுகிறேன். அவர் சொல்வது பிடிவாதம் இல்லை, தொழில் அறிவு. மிக்ஸி ஜாரின் அடியில் இருக்கும் கப்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்புப் பூ மாதிரிதான் இருக்கும். ஆனால் பல் எண்ணிக்கை வேறு, உள்ளே மறை வேறு. உயரம் கொஞ்சம் கூடினால் ஜார் உட்காராது. குறைந்தால் மோட்டார் சுற்றும், ஜார் சுற்றாது. குக்கர் மூடியில் போடும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டும் அப்படித்தான். வீட்டில் பழைய கேஸ்கெட்டை அளந்து எழுதிக்கொண்டு வருவார்கள். அதுவோ தினமும் வெந்து வெந்து தளர்ந்து போயிருக்கும். மூடியைத்தான் அளக்க வேண்டும். இது உங்கள் அப்பாவுக்குத் தெரியும், ஆப் செய்து தருகிறவர்களுக்குத் தெரியாது. ஆன்லைனில் வாங்கி, பொருந்தாமல், அதையே கையில் எடுத்துக்கொண்டு உங்கள் கடைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். விரல் விட்டு எண்ணிச் சொல்வார்.

ஆக, உங்கள் கடையில் விற்பது கப்ளர் மட்டும் இல்லை. ‘இதுதான் உங்கள் மிக்ஸிக்குப் பொருந்தும்’ என்ற அந்த ஒரு வார்த்தையும் சேர்ந்துதான் விற்கிறது. அந்த வார்த்தை இப்போதைக்கு ஒரே ஒருவர் தலைக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுத்து எழுதி வைக்காமல் வெப்சைட் செய்தால், கண்ணாடி ஷோகேஸ் வாங்கிப் போட்டுவிட்டு உள்ளே வைக்கச் சரக்கு இல்லாத கதைதான்.

அதனால் அந்த 1,80,000 ரூபாயை வங்கியிலேயே விட்டு வையுங்கள். ஆப் வேண்டவே வேண்டாம். ஒன்றரை வருடத்துக்கு ஒரு கேஸ்கெட் வாங்குகிறவர் அதற்காக மொபைலில் ஒரு ஆப்பை ஏற்றி வைப்பாரா? நானே வைக்க மாட்டேன்.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலைக்குச் செலவு ஒரு ஸ்டீல் ஸ்கேலும் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரும்தான். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கை நீட்டினால் எட்டும் டப்பாக்கள் இருக்குமே, அங்கிருந்து தொடங்குங்கள். கடைக்காரரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுதான் அதிகம் ஓடுகிற சரக்கு. பரணில் இருப்பதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பார்ட்ஸையும் சார்ட் பேப்பர் மேல், ஸ்கேல் பக்கத்தில் வைத்து மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று என மூன்று படம் எடுங்கள். எக்செல் ஷீட் போதும். அதில் பெயர், அளவு, பல் எண்ணிக்கை, எந்தெந்த மாடலுக்குப் பொருந்தும், வாங்கின விலை, விற்கிற விலை, கையிருப்பு, எந்த டப்பா.

ஷீட்டில் இன்னும் இரண்டு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, வாடிக்கையாளர் அதை என்ன பெயரில் கேட்கிறார் என்பது. மொத்தக்கடை பில்லில் ‘கேஸ்கெட்’ என்று இருக்கும். வாங்க வருகிறவர் ‘குக்கர் வாஷர்’ என்பார், ‘குக்கர் ரப்பர்’ என்பார். மொபைலில் தேடும்போதும் இந்த வார்த்தையைத்தான் போடுவார். இரண்டாவது, ஹெச்.எஸ்.என். கோடு, அதாவது ஜி.எஸ்.டி.க்காகப் பொருள்களை வகை பிரிக்கும் எண். ஒரே அலமாரியில் கிடக்கும் உங்கள் சாமான்கள் கணக்கில் வேறு வேறு தலைப்பில் போகும். மிக்ஸி பாகங்கள் 8509, ரப்பர் கேஸ்கெட் 4016, கேஸ் ஸ்டவ் 7321. காம்போசிஷனில் இருக்கும்வரை உங்களுக்கு இது பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் எழுதும்போதே எழுதிவிட்டால் பின்னால் கைகொடுக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருட்களுக்கு வரி விகிதம் மாறியிருக்கிறது, அதனால் பழைய பில்லைப் பார்த்து விகிதத்தை எழுதாதீர்கள்.

தினம் பதினைந்து சாமான் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் நானூறு தாண்டிவிடும். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கடையில் ஈ ஓட்டுகிற நேரம் ஒன்று இருக்கும் இல்லையா, அதுதான் இதற்கு நேரம். அப்பா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கம்ப்யூட்டர் என்று பேச்சை எடுக்க வேண்டாம். “இது எந்த மிக்ஸிக்குப்பா?” என்று கேட்டால் போதும், மீதியை அவரே ஆரம்பித்துவிடுவார்.

படங்கள் இருந்தால் அடுத்த வேலை தானாக வரும். கடையின் பழைய கேஷ் மெமோவில் ஒரு லேண்ட்லைன் நம்பர் அச்சடித்திருப்பீர்கள். அந்த நம்பரிலேயே வாட்ஸ்அப் பிசினஸ் கணக்குத் தொடங்கலாம். சரிபார்ப்பு எண்ணை எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பதிலாக போன் அழைப்பில் சொல்லச் சொல்லலாம். முப்பது வருட வாடிக்கையாளர்களிடம் இருப்பது அந்த நம்பர்தான். உங்கள் சொந்த மொபைல் நம்பரைக் கொடுத்தால் ராத்திரி பதினோரு மணிக்கு விசில் வரவில்லை என்று போன் வரும். கேட்லாகில் 500 பொருள்வரை ஏற்றலாம், உங்களுக்கு இப்போதைக்கு அதுவே அதிகம். வாடிக்கையாளருக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியது ஒன்றே ஒன்று: பழைய பார்ட்ஸை ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். கேஸ்கெட் என்றால் மூடியின் படம். அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டுங்கள். கையில் வைத்துப் பார்ப்பதற்கு அடுத்தபடி இதுதான். முதல் வாரம் முணுமுணுப்பார். அப்புறம் அவரே, “இது ரெண்டு நாளா பதில் போடாம கெடக்கு பாரு” என்பார்.

கூகுள் மேப்பில் கடையின் பெயர், நேரம், வாசல் படம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. ‘கூகுளில் இருந்து பேசுகிறோம், உங்கள் கடையை முதலில் காட்ட இவ்வளவு ஆகும்’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

பணம் வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். போலி ஸ்க்ரீன்ஷாட்டுக்கு மருந்து, பணம் வந்ததும் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ். பெட்டி பேசினால்தான் சரக்கு கைமாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள், யார் மொபைலையும் எட்டிப் பார்க்க வேண்டாம். பணம் வாங்குவதற்கு நாம் யு.பி.ஐ. பின் போடத் தேவையே இல்லை. பின் போடச் சொல்லி யாராவது க்யூ.ஆர். அனுப்பினால், அவன் நம் பணத்தை எடுக்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். மீறி ஏதாவது நடந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அடிக்கச் சொல்லி வையுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யு.பி.ஐ. பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் எம்.டி.ஆர். என்ற கட்டணம் வசூலிப்பதில்லை.

வருமான வரி பயத்தைப் பற்றி. 2025 ஜூலையில் பெங்களூரில் சிறு வியாபாரிகளுக்கு யு.பி.ஐ. கணக்கை வைத்து ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போன செய்தியை அப்பா படித்திருப்பார். அது, வரம்புக்கு மேல் வியாபாரம் செய்தும் பதிவு செய்யவில்லை என்று கருதப்பட்டவர்களுக்குப் போனது. நீங்கள் ஏற்கெனவே பதிவு செய்தவர்கள். விற்பனையை மறைக்காதவரை ஜிபே-யில் வாங்கினால் என்ன, கல்லாவில் வாங்கினால் என்ன? சொல்லப்போனால் டிஜிட்டலில் வாங்குவதுதான் லாபம். 2 கோடி ரூபாய்க்குள் விற்பனை உள்ள சிறு வியாபாரி, விற்பனையில் குறைந்தது 8 சதவீதத்தை வருமானமாகக் காட்டிக் கணக்கை முடிக்கும் வசதி இருக்கிறது. வங்கி வழியாகவும் டிஜிட்டலாகவும் வந்த தொகைக்கு அது 6 சதவீதம்தான். உங்கள் 32 லட்சமும் ரொக்கம் என்றால் 2,56,000 ரூபாய், எல்லாமே டிஜிட்டல் என்றால் 1,92,000 ரூபாய். நிஜ லாபம் அதைவிட அதிகம் என்றால் அதிகமாகக் காட்ட வேண்டும் என்பது வேறு விஷயம். இந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கல்லாவில் ஒட்டுங்கள். கடைக்காரர்களிடம் நான் இருபது வருடமாகப் பார்த்தது, அறிவுரையைவிட எண் சீக்கிரம் உள்ளே இறங்கும்.

இப்போது, உங்களிடம் அந்த நிறுவனம் சொல்லாத விஷயம். நீங்கள் காம்போசிஷன் டீலர். விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள். ஆனால் காம்போசிஷனில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. பெங்களூரில் இருக்கும் உங்கள் சித்தப்பா பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து ஒரு கப்ளரை பில் போட்டு அனுப்பினால்கூட அந்தத் தகுதி போய்விடும். ‘இந்தியா முழுக்க விற்கலாம்’ என்பது உங்கள் விஷயத்தில் அவ்வளவு சுலபமான வாக்கியம் இல்லை.

காம்போசிஷனை விட்டு வெளியே வந்தால் என்ன ஆகும் என்று ஒரு சாமானை வைத்துப் பார்ப்போம். 18 சதவீத வரி உள்ள ஒரு பார்ட்ஸை 100 ரூபாயும் வரி 18 ரூபாயும் கொடுத்து வாங்குகிறீர்கள். 177 ரூபாய்க்கு விற்கிறீர்கள். இப்போது நீங்கள் கட்டுவது 1 ரூபாய் 77 காசு, கையில் நிற்பது 57 ரூபாய் 23 காசு. ரெகுலருக்கு, அதாவது வழக்கமான ஜி.எஸ்.டி. முறைக்கு மாறி அதே 177-க்கு விற்றால், அதில் 27 ரூபாய் வரி. வாங்கும்போது கட்டிய 18-ஐக் கழித்து 9 ரூபாய் கட்டுவீர்கள். கையில் நிற்பது 50 ரூபாய். 7 ரூபாய் சொச்சம் குறைகிறது. ஆன்லைனில் போகும் பத்து பீஸில் மட்டும் இல்லை, கவுன்டரில் போகும் நூறு பீஸிலும் அது குறையும். அப்பாவின் கவுன்டர் வியாபாரம் உங்கள் ஆன்லைன் ஆசைக்கு மாதா மாதம் மொய் எழுதுகிற மாதிரி. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடைக்காரர்களும் மெக்கானிக்குகளும் உங்களிடம் ஜி.எஸ்.டி. பில் கேட்கிறவர்கள் என்றால் கணக்கு வேறு மாதிரி வரும். அவர்களுக்கு வரி திரும்பக் கிடைக்கும், நீங்கள் விலையை அதற்கேற்ப வைக்கலாம். ஆனால் வீட்டுக்காரர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள் என்றால் அவசரப்படாதீர்கள்.

நல்ல சேதியும் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் காம்போசிஷன் டீலரும் ஆன்லைன் தளங்கள் வழியாக, மாநிலத்துக்குள் மட்டும், பொருள் விற்கலாம். தமிழ்நாடு சின்னச் சந்தையா என்ன? குக்கர் இல்லாத வீடு எது? அதனால் முதல் ஆறு மாதம் தமிழ்நாட்டை விட்டுத் தாண்டாதீர்கள். எந்தத் தளத்தில் சேர்ந்தாலும், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும்படி வைக்க முடியுமா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு சேருங்கள். அதன் பிறகு வெளி மாநில ஆர்டர் நிஜமாகவே வந்து குவிகிறது என்றால் ரெகுலருக்கு மாறலாம். மாறும் அன்று கடையில் இருக்கும் சரக்குக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் காட்டி, இனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகாத பில் இருக்க வேண்டும், சரக்கு விவரத்தை 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அப்போது ஆடிட்டர் முதலில் கேட்பது என்ன தெரியுமா? ஸ்டாக் லிஸ்ட். அதான் ஸ்கேலும் சார்ட் பேப்பருமாக முதலிலேயே உட்காரச் சொன்னேன்.

தளங்களில் விற்கும்போது 60 ரூபாய் கப்ளரை அப்படியே ஏற்றாதீர்கள். கமிஷன், பேக்கிங், டெலிவரி எல்லாம் போனால் உங்கள் பையிலிருந்து போட வேண்டிவரும். கப்ளர், வாஷர், பிளேடு, அதைக் கழற்றும் ஸ்பேனர் என்று ஒரு செட்டாகக் கட்டுங்கள். வீட்டில் ஜார் ரிப்பேர் பார்க்கிறவருக்கும் அதுதான் வசதி. 20 செட் போதும், 400 வேண்டாம். பெட்டி அளவில் கவனம் வையுங்கள். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பல இடங்களில் 5000 ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் காசு கேட்பார்கள். 22, 18, 20 சென்டிமீட்டர் பெட்டியில் ஒரு ஜாரை வைத்தால் ஜார் முக்கால் கிலோகூட இருக்காது, பில் 1.58 கிலோவுக்கு வரும். அதனால் ஜாரை வாட்ஸ்அப்பில் கேட்டு நேரில் வாங்கிப் போகிறவர்களுக்கு வையுங்கள். கேஸ்கெட், கப்ளர், வால்வ் மாதிரித் தட்டையான, லேசான சாமான்தான் கூரியருக்கு ஏற்றது.

மூட்டையாக வாங்கிய சாமானை நீங்களே சின்ன கவரில் போட்டு விற்றால், சட்டப்படி பேக் செய்தவர் நீங்கள். கவர் மேல் கடை முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, எம்.ஆர்.பி., மாதம் – வருடம், புகாருக்கான தொடர்பு எண் எல்லாம் வேண்டும். ஒரு லேபிள் பிரின்டர் வாங்குங்கள், அந்தச் செலவு தகும்.

கம்பெனிப் பெயர் போடுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. கம்பெனி தயாரிப்பு அல்லாத கப்ளரை அந்த கம்பெனியின் பெயரிலேயே ஏற்றினால் புகார் வரும், கணக்கையே முடக்கிவிடுவார்கள். ‘இந்த மிக்ஸிக்குப் பொருந்தும்’ என்று உள்ளதைச் சொல்வது வேறு; 1999-ம் வருட டிரேட் மார்க் சட்டத்தின் 30-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. லோகோவைப் போடாதீர்கள். குக்கர் சேஃப்டி வால்வை மட்டும் கம்பெனி சரக்காகவே விற்பது நல்லது. அதில் பத்து ரூபாய் லாபத்துக்கு ஆசைப்படக் கூடாது.

தளங்கள் உங்களுக்குப் பணம் தரும்போது ஜி.எஸ்.டி.க்காக 0.5 சதவீதமும், பல சமயம் வருமான வரிக்காக 0.1 சதவீதமும் பிடித்துக்கொள்ளும். அது உங்கள் பணம்தான், கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஆடிட்டரிடம் மாதா மாதம் செட்டில்மென்ட் ரிப்போர்ட்டைக் கொடுங்கள், மார்ச் 31 அன்று மொத்தமாகக் கொட்டாதீர்கள். இதை ஆடிட்டர்களான எங்கள் சங்கத்தின் வேண்டுகோளாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் ஆர்டருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டுதான் அனுப்ப வேண்டும். கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம். வாசலில் கதவு திறக்காமல் பார்சல் திரும்பி வந்தால் போக்குவரத்துச் செலவு உங்கள் தலையில். சென்னைக்குள் என்றால் அவர்களே பைக் டெலிவரி புக் செய்து ஆளை அனுப்பட்டும்.

என்றைக்காவது வெப்சைட் வேண்டும் என்று தோன்றினால், எங்கள் வீட்டுக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். என் மச்சானுக்கு ஸ்டேஷனரி கடை. 85,000 ரூபாய்க்கு ஒருவரிடம் வெப்சைட் செய்தார். பில்லிலும் பையிலும் அந்த முகவரியை அச்சடித்தார். இரண்டு வருடம் கழித்துப் புதுப்பிக்கப் போனால், டொமைன், அதாவது அந்த இணைய முகவரி, வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரில் இருக்கிறது. அவர் போனை எடுக்கவில்லை. அப்புறம் நம்பரே மாறிவிட்டது. ஐயாயிரம் பைகளின் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி முடித்தோம். அந்த 85,000-ஐச் செலவுக் கணக்கில் எழுதியது நான்தான். யார் பெயரில் டொமைன் என்று கேட்க எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. ஆகவே டொமைனை உங்கள் மெயில் ஐ.டி.யில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். செய்து தருகிறவருக்கு வேலைக்கான காசு மட்டும். சொந்தத் தளத்தில் விற்றால் 2020-ம் வருட மின் வணிக நுகர்வோர் விதிகளும் சேர்ந்து வரும். புகாரைக் கவனிக்க ஒருவர் பெயர் போட வேண்டும், 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் அப்பாவின் பெயராக இருக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். எங்கள் வீட்டில் கல்யாணச் சீராக வந்த சுமீத் மிக்ஸி ஒன்று இருக்கிறது. சட்னி ஜாரின் கப்ளர் பல் தேய்ந்து ஆறு மாதமாகச் சும்மா கிடக்கிறது. புதிது வாங்கலாம் என்றால் வீட்டு அம்மா சம்மதிக்கவில்லை. உங்கள் லேண்ட்லைன் நம்பரில் வாட்ஸ்அப் வந்ததும் சொல்லுங்கள். ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன், அப்பாவிடம் காட்டிக் கேளுங்கள்.